வெள்ளம் வந்தால் என்ன செய்வாய்?

வயதான பிறகும், யாராவது இன்டர்வியூ என்று பேச்செடுத்தால் வெள்ளறடை சுகிர்தபாய்க்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் போன இன்டர்வியூ ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஒரே கேள்வியில் மூக்குடைபட்டாள்.

தென் திருவிதாங்கூர்த் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊரே கொதித்துக் கிடந்த காலம் அது. ஊர்வலத்துக்குப் போன அவள் அண்ணன் ராஜையா, போலீஸ் தடியடியில் கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தான். மண்வெட்டி பிடித்த கை சும்மா கிடக்க, வீட்டுக்கு ஒரு வருமானம் வேண்டியிருந்தது. அப்போதுதான் பாறசாலையில் சபையார் நடத்தும் பிள்ளைகளின் கோடை முகாமுக்கு ஆசிரியை தேவை என்று வேதக்கோயிலில் அறிவித்தார்கள். ஓய்வுநாள் பள்ளியில் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்துப் பழகியவள் சுகிர்தபாய். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே நினைத்தாள்.

புறப்படும்போது ராஜையா படுத்தபடியே எச்சரித்தான். "மக்கா, அங்க போயி மலையாளம் கலந்து பேசிராதே. நாம தமிழரு ஆக்கும்."

கேள்வி கேட்டவர் திருநெல்வேலியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த போதகர். பக்கத்தில் உள்ளூர்க்காரி புஷ்பபாய் டீச்சர். பாடச் சொன்னார்கள், பாடினாள். கதை சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். போதகருக்குத் திருப்திதான். கடைசியாகக் கேட்டார்.

"திடீரென்று முகாமுக்குள் வெள்ளம் வந்துவிட்டால் என்ன செய்வாய்?"

கிணறெல்லாம் வற்றிய கோடை. இதைவிட லேசான கேள்வி உண்டா?

"குடத்திலயும் அண்டாவிலயும் பிடிச்சு வைப்பேன் ஐயா. மிச்சம் உண்டானா பிள்ளையள குளிப்பாட்டுவேன்."

போதகர் விழித்தார். டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "ஐயா, இங்க வெள்ளம்னா குடிக்கிய தண்ணி ஆக்கும்."

போதகர் சிரிக்கவில்லை. "அது மலையாளமாச்சே. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மலையாளத்துப் பெண்ணை எப்படி வைக்கிறது?"

வேலை போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சொல்தான் சுருக்கென்று தைத்தது. எழுந்துவிட்டாள்.

"ஐயா, தமிழுக்காக அடி வாங்கி எங்க அண்ணன் காலு ஒடிஞ்சு கெடக்கியான். தாகம் வந்தா அவன் எங்கிட்ட வெள்ளம்தான் கேப்பான். அவனையும் மலையாளத்தான்னு சொல்லுவியளா?"

போதகர், "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் கொண்டு வா, அம்மா" என்றார். வேலை கிடைத்துவிட்டது என்பது அவளுக்குப் பானையருகே போன பிறகுதான் விளங்கியது.

அந்தக் கோடையைப் போல் ஒரு கோடை அவளுக்குப் பிறகு வாய்க்கவில்லை. அயனிமரத்து நிழலில் பிள்ளைகள் தமிழில் பாடி மலையாளத்தில் சண்டை போட்டார்கள். போதகர் நாளுக்கொரு ஊர்ச்சொல் கேட்டுத் தப்பாகச் சொல்லுவார், பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். அதையெல்லாம் நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அடுத்த ஆண்டு எல்லை பிரித்தார்கள். பக்கத்து விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, அவர்களுடைய ஊரான வெள்ளறடை கேரளத்தில் நின்றுவிட்டது. கதையில் இந்த இடம் வந்தால் மட்டும் சுகிர்தபாய் சிரிப்பதில்லை. செய்தி கேட்ட ராஜையா நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். சோறு வைத்தாள், தொடவில்லை. தலையைக் குனிந்தபடியே, "மக்கா, கொஞ்சம் வெள்ளம் தா" என்றான்.