காணாமல் போன பிள்ளையும் கம்பெனி பஸ்ஸும்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் செய்யாறு ஷூ கம்பெனியில் வேலைக்கு ஏற்பாடு செய்தது எங்கள் தெரு மகளிர் குழு. அவளுடைய இரண்டு வயதுப் பையனைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் போட்டுச் சம்பளம் கொடுப்பதும் அதே குழுதான். அந்த ஆள் நான். குழுத் தலைவி என் மனைவி. மற்றபடி முறைகேடு எதுவும் இல்லை.

"இன்னாப்பா, தறிக்காரன் புள்ள மேய்க்கப் பூட்டியா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"பட்டு அறுந்தா முடி போட்டுக்கலாம்பா. இது ஓடிச்சின்னா புடிக்க முடியல" என்றேன்.

அவள் சேர்ந்து அது முதல் வாரம். நிரந்தரமாகும்வரை ஷிப்டுக்கு நடுவில் வீட்டுக்குப் போனால் பெயரை எடுத்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும்.

நெய்துகொண்டிருந்தவன் டீ போட எழுந்துபோனேன். திரும்பினால் பையனைக் காணோம். கதவில் உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. இரண்டு வயதுக்காரன் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போய், மறுபடி உள்பக்கம் தாழிட்டிருப்பான் என்று என் மூளை மனதார நம்பியது. பீரோவைத் திறந்தேன். அரிசி டப்பாவைத் திறந்தேன். தெருவில் நின்று கத்தினேன். கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "புள்ளயக் காணோங்க" என்று அழுதேன்.

அழுதபடியே தறியில் உட்கார்ந்து, மிதிக்கிற குழிக்குள் காலை விட்டேன். மெத்தென்று ஏதோ பட்டது. மிதிபலகைக்குப் பக்கத்தில், குளிர்ந்த மண்ணில், பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுபடி கம்பெனிக்குப் போன் போட்டேன். "அந்தப் பொண்ணு அப்பவே அழுதுகினு ஓடிச்சே" என்றார்கள். அவள் போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. செய்யாற்றிலிருந்து எங்கள் ஆரணி வரும்வரை அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் இங்கே அவனுக்கு டீயில் பன் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். பையனை வாரியெடுத்தவள், "போன எடுத்தா இன்னா சொல்வீங்களோன்னு பயந்துகினே எடுக்கலண்ணா" என்றாள். மிச்சமிருந்த பன்னை எடுத்துப் பையன் கையில் கொடுத்தேன்.

பிறகு கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுத் திரும்பினாள். "போன் பண்ணவரையே நாளைக்கு இட்டுகினு வரச் சொன்னாங்க. இல்லனா வேற ஆள் போட்டுப்பாங்களாம்."

மறுநாள் விடியலில் அவளோடும் பையனோடும் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். உள்ளே முழுக்கப் பெண்கள். எனக்கு முன்பே சேதி ஏறியிருந்தது.

"அண்ணா, பாத்துக் கால வைங்க. கீழ யார்னா தூங்கிகினு இருக்கப் போறாங்க!"

ஒருத்தி சீட்டுக்கு அடியில் குனிந்தே பார்த்தாள். பஸ்ஸே சிரித்தது. பையனும் சிரித்தான்.

கேட்டில் சூப்பர்வைசர் கேட்டார்: "குழந்தை எங்க இருந்துச்சு?"

"என் கால்கிட்டங்க."

"நீங்க எங்க தேடினீங்க?"

"அரிசி டப்பாலங்க."

வேறு இடமாக இருந்தால் இதை வைத்து ஒரு மணிநேரம் சிரிக்கவைத்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லங்க. பேஜார் பண்ணது நான்தாங்க" என்று முடித்தேன். அவர் அவளை உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினார்.

கேட்டைத் தாண்டியவள் திரும்பி வந்தாள். பையனை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, மத்தியானம் முட்டை குடுங்க. மஞ்சக்கருவத் துப்புவான். வுடாதீங்க."

"சரிம்மா" என்றேன். முகத்தைப் பார்க்க முடியாமல், பையன் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். பையன் செருப்பே போட்டிருக்கவில்லை.