நாயின் காது முடியில் ஒரு பூச்சி

என் கணவருக்கு இரண்டு கைகளும் நடுங்கும். பார்க்கின்சன் என்று மருத்துவர் சொல்லி நாலு வருடமாகிறது. மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆனபிறகு, ஒரு மணி நேரம் போல நடுக்கம் அடங்கியிருக்கும். அதற்கு எங்கள் வீட்டில் நல்ல நேரம் என்று பெயர். அந்த நேரத்தில்தான் அவர் சவரம் செய்துகொள்வார், கையெழுத்துப் போடுவார், சிந்தாமல் ரசம் குடிப்பார். மற்ற நேரமெல்லாம் நான்தான் அவருக்குக் கை.

போன பிப்ரவரியில் ஊட்டியிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். வங்கியில் இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். அவருடைய மகள் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பொத்தேரியில் கல்லூரியில் படிக்கிறாள். நான் ஸ்பீக்கரைப் போட்டு இவர் காதருகே பிடித்திருந்தேன்.

"சார், அடுத்த வியாழக்கிழமை பொண்ணைக் கூப்பிட கார்ல வரேன். உங்களையும் ஏத்திக்கிட்டுப் போறேன். சனிக்கிழமைக்கு ஏரியில மீன் பிடிக்க பெர்மிட் வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை பொண்ணைத் திரும்ப விட வரும்போது உங்களை வீட்ல இறக்கிடறேன்."

இவர் சிரித்தார். அந்த வியாதியில் முகம் இறுகிவிடும், சிரிப்பெல்லாம் சுலபத்தில் வராது. அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின மாதம் மருத்துவர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தபோது, இனி எப்படிப் போகும் என்று கேட்டேன். "எங்கயாவது போகணும்னு ஆசைப்பட்டா இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்கம்மா" என்றார். இவர் ஆசைப்பட்டுக் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். இன்னும் ஒரு தடவை அந்த ஏரிக் கரையில் நின்று ஒரு டிரவுட் மீனைப் பிடிக்க வேண்டும்.

டிரவுட் என்பது குளிர்ந்த தண்ணீர் மீன். வெள்ளைக்காரன் கொண்டுவந்து நீலகிரியில் விட்டுவிட்டுப் போனது. மண்புழுவைக் கோத்துப் பிடிப்பது இதைப் பிடிக்கிறவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். சின்னத் தூண்டில் முள்ளில் இறகும் முடியும் சுற்றி, தண்ணீருக்கடியில் இருக்கும் குஞ்சுப் பூச்சி மாதிரி ஒன்று செய்ய வேண்டும். அதை நிம்ஃப் என்பார்கள். அது மூழ்கிப் போகும், மீன் நிஜப் பூச்சி என்று நினைத்துக் கவ்வும். இவர் ஏழு வருடம் ஊட்டியில் தனியாக வேலை பார்த்தபோது பழகிக்கொண்டது. நான் இங்கே சென்னைப் பக்கம் முடிச்சூரில் வீட்டையும், பள்ளிக்கூடத்தில் வேதியியலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மே மாத விடுமுறைக்குப் போனால்கூட மனிதர் விடியற்காலையில் ஏரிக்குப் போய்விடுவார். எனக்கு அந்த மீன் மேல் நிஜமாகவே பொறாமை இருந்தது.

அவர் கட்டிவைத்த பூச்சிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து ஐந்து நாள் நின்றதே, அதில் எல்லாம் போயிற்று. இப்போது தேடித் திறந்து பார்த்தால் துருப்பிடித்த செங்கல் நிறக் கட்டி. ஒட்டுப் பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தில் மட்டும் பதினேழு முள் பளபளவென்று இருந்தன. ஆன்லைனில் பார்த்தோம். வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் என்று போட்டிருந்தது. எங்களுக்கு இருந்ததோ ஒன்பது நாள்.

"நீ கட்டு. நான் சொல்றேன்" என்றார்.

"எனக்குப் பூவே கட்ட வராது."

"பூவும் இதுவும் ஒண்ணா?"

பழைய முறைப்படி கட்டுவதற்கு முயல் காதின் முடி வேண்டும். அதற்கு எங்கே போவது? தெருவிலிருந்து தானாக வந்து எங்களோடு தங்கிவிட்ட செம்பழுப்பு நாய் ஒன்று இருக்கிறது. அதன் காதை இவர் நல்ல நேரத்தில் தடவிப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட இதேதான்" என்றார். பிஸ்கட் கொடுத்துக் கத்தரித்தேன். ஒரு காது மொட்டையானதும் நாய் என்னை நம்புவதை விட்டுவிட்டது.

உடம்பின் மேல் சுற்றுவதற்குத் தங்க நிறக் கம்பி. குரோம்பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன்.

"இன்னா டீச்சர், ஃபேனு ரிப்பேரா?"

"இல்லப்பா. இருக்கிறதிலேயே மெல்லிசா செம்புக் கம்பி ஒரு முழம் வேணும்."

"ஒரு முழமா? அத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

"மீன் பிடிக்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு சுருளாகவே கொடுத்தார். கோழிக் கடையிலும் இதே விசாரணை. நாட்டுச் சேவலின் கழுத்து இறகும் ரெக்கை இறகும் கேட்டதற்கு, "கறி வாணாமா?" என்று நாலு தடவை கேட்டார் கடைக்காரர். பழுப்பு நூல் தையல் பெட்டியிலேயே இருந்தது. பள்ளி ஆய்வகத்தில் ஓரமாகக் கிடந்த, கண்ணாடிக் குழாய் மாட்டும் ப்யூரெட் ஸ்டாண்டைக் கேட்டு வாங்கி வந்து, அதில் மருந்துக் கடையில் வாங்கிய இடுக்கியைப் பொருத்தி, இடுக்கியின் வாயில் முள்ளைக் கவ்வவிட்டேன். இவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

தினமும் பள்ளி விட்டு வந்ததும் நாலு மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஐந்து மணிவாக்கில் சாப்பாட்டு மேஜையில் உட்காருவோம். முதலில் வாலுக்குச் சேவல் இறகின் நாலு இழை. பிறகு நூலில் மெழுகு தேய்த்து, நாய் முடியைத் திரித்து, வாலிலிருந்து தலை நோக்கிச் சுற்ற வேண்டும். அதன் மேல் செம்புக் கம்பி. முன்பக்கம் கொஞ்சம் தடிமனாகச் சுற்றி, ரெக்கை இறகின் பட்டையை முதுகு ஓடு மாதிரி மடித்துக் கட்ட வேண்டும். கேட்க எளிது. முள்ளின் நீளமே என் சுண்டுவிரல் நகமளவு.

"இறுக்காத."

"இறுக்கலைன்னா அவிழுதுங்க."

"வால் நீளமாயிடுச்சு. முடி ரொம்ப வச்சிட்ட. இது பூச்சி இல்ல, எலி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தால் பிடிக்காது. அவருக்கோ, தனக்குத் தெரிந்ததைத் தன் கையால் செய்ய முடியாமல் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல். இரண்டு பேரும் அந்த மேஜையில் போட்ட சண்டைக்குக் கணக்கில்லை.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கையை நீட்டி என் விரல் மேல் விரல் வைத்தார். இப்படித் திருப்பு என்று காட்டத்தான். பேச்சு சுவாரசியத்தில் நல்ல நேரம் முடிந்துபோனதை இருவருமே கவனிக்கவில்லை. அவர் கை ஒரு உதறு உதறியது, நூல் அறுந்தது, பாதி கட்டிய பூச்சி அவிழ்ந்து போயிற்று. அவர் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. எழுந்து போய்த் தேவையே இல்லாமல் பால் காய்ச்சினேன்.

எப்படியோ புதன்கிழமைக்குள் பதினொரு முள் கட்டினோம். அதில் ஐந்து தேறியது. ஐந்தாவதை அவர் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை மீன் எடுக்கும்" என்றார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது ஒரு கையில் எண்ணிவிடலாம். அன்றைக்கு எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

வியாழன் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது ஐந்தையும் சின்னப் பெட்டியில் வைத்தேன். பழைய பெட்டியின் துரு கண்ணில் நின்றது. முடிச்சூர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் துரு, துரு என்றால் எண்ணெய். ஊசி, கத்தரிக்கோல், தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் எங்கள் தெருவில் தேங்காய் எண்ணெய்தான். பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து அடியில் மெத்தை மாதிரிப் போட்டு, ஒவ்வொரு பூச்சியையும் சொட்டச் சொட்ட முக்கி அதன் மேல் வைத்து மூடினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு என்னை வேறொரு பள்ளிக்குத் தேர்வாளராகப் போட்டிருந்தார்கள். அதனால் நான் கூடப் போக முடியவில்லை. மாத்திரைகளை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டி நண்பரிடம் கொடுத்து, மூன்று தடவை திரும்பச் சொல்லவைத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை மதிய இடைவேளையில் நண்பரின் போன் வந்தது. அவர் குரலே சரியில்லை.

"மேடம், பெட்டியைத் திறந்தா உள்ள வெள்ளையா மெழுகு ஊத்தின மாதிரி கீழேருந்து மேல வரைக்கும் உறைஞ்சிருந்துச்சு. பூச்சியே தெரியல. சார் பெட்டியை ஸ்வெட்டருக்குள்ள வச்சுக்கிட்டார். அரை மணி நேரம் ஆச்சு இளக. வீசினா மிதக்குது மேடம், உள்ள போகவே மாட்டேங்குது. எண்ணெய் போகட்டும்னு சேத்துல தேய்ச்சுப் பார்த்தோம். அதுக்குள்ள மாத்திரை டைம் முடிஞ்சிடுச்சு. நான் திரும்புறதுக்குள்ள சார் அவரே கழுவப் போறேன்னு தண்ணிகிட்ட இறங்கி, கால் நகரல, அப்படியே உக்காந்துட்டார். மார்பளவு தண்ணி."

"இப்போ எப்படி இருக்கார்?"

"வீட்ல கம்பளி போத்திப் படுக்க வச்சிருக்கேன். நல்லாத்தான் இருக்கார். மேடம், என்னைத் தப்பா நினைக்காதீங்க. நான் ரொம்ப பயந்துட்டேன். இனிமே என்னால அவரைக் கூட்டிட்டுப் போக முடியாது. நீங்கதான் பக்குவமா சொல்லணும்."

சரி என்றேன். இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான்தான். எங்கள் வீட்டு எண்ணெய்ப் பாட்டில் உறைந்து நான் பார்த்ததில்லை, அதனால் தோன்றவில்லை. இடைவேளை முடிந்து உள்ளே போனால் முப்பது பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டி, இது வெள்ளை வீழ்படிவுதானே மிஸ் என்று கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் நனைந்து படுத்திருக்கிறார், நான் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் வந்து இறங்கினார். லேசான சளி, வேறொன்றுமில்லை. எண்ணெய் வைத்தது நான்தான் என்று வாசலிலேயே சொல்லி அழுதேன். "தெரியும், வேற யாரு வைப்பாங்க" என்றார். கோபமே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்டாண்டை எடுத்து வரச் சொன்னார். இன்னும் ஆறு முள் பாக்கி இருக்கிறதாம். எடுத்து வந்தேன். நண்பர் சொன்னதை இவரிடம் சொல்ல வேண்டும், அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது என்று சொல்ல வேண்டும். அதை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு நாய் முடியைத் திரித்தேன். அன்றும் சொல்லவில்லை, செவ்வாயும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு, இறுக்காதே, இன்னும் மெல்லிசாக, என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்லிக்கொண்டே கட்டுகிறோம் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

புதன்கிழமை சொல்லிவிட்டேன்.

"ஏங்க, சனிக்கிழமை அவர் எனக்குப் போன் பண்ணினார். இனிமே உங்களைக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னுட்டார்."

"தெரியும்" என்றார். "ஞாயித்துக்கிழமை இங்க வரும்போதே கார்ல எங்கிட்ட சொல்லிட்டார். பாவம், சொல்லும்போது அழுதுட்டார்."

கையில் நூல் அப்படியே நின்றது. மூன்று நாளாக நான் மறைத்ததை மூன்று நாளாக அவர் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"அப்புறம் எதுக்குங்க இதைக் கட்டச் சொல்றீங்க?"

அவர் இடுக்கியில் இருந்த பூச்சியை உற்றுப் பார்த்தார்.

"கட்டலைன்னா இந்த நேரத்துல நாம ரெண்டு பேரும் என்ன பண்றது?" என்றார். "வால் நீளமா இருக்கு பாரு. பிரி."

பிரித்தேன்.