தடை கேட்டு ஒரு ஜெபம்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருக்கும்வரை, முன்பதிவு செய்யாத ஒரு பல்கூட உள்ளே போனதில்லை. கன்னம் பூசணிக்காயாக வீங்கி வந்த நீதிபதி ஒருவரையே, "வியாழக்கிழமை பதினொன்றரை. அதுவரைக்கும் உப்புத் தண்ணில கொப்பளிங்க" என்று திருப்பி அனுப்பியவர். நீதிபதி மேல்முறையீடு செய்யவில்லை. மருத்துவரே தும்முவதற்கு அவரிடம் நேரம் வாங்கிக்கொள்வார் என்று கேள்வி. கேட்டதைத்தான் சொல்கிறேன், கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

இப்பேர்ப்பட்டவர் ஆலயத்துக்குள் கால் வைத்தால் வெண்ணெயாக உருகிவிடுவார்.

எங்கள் சபையில் ஒரு நாகரிகம் உண்டு. யாராவது ஒரு பொறுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்போம். கேட்டவரும் முகம் சுளிக்காமல் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவார். அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உண்மையாகவே ஜெபித்தவர், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.

ஜெபமும் எப்போதும் ஒன்றுதான். "ஆண்டவரே, இது உமக்குச் சித்தமில்லன்னா ஒரு தடையைப் போடும்."

ஆண்டவரும் போட்டுப் பார்த்தார், பாவம். பீடத்துக்குப் பூ வைக்கும் பொறுப்பு வந்த வாரமே பூக்கடை மூடப்பட்டது. அம்மாள் மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் நால்வரைப் பிடித்து முறை போட்டுவிட்டார். ஞாயிறு பள்ளியில் பெயர் கூப்பிடும் வேலை வந்தபோது தொண்டை கட்டிக் குரலே போனது. பிள்ளைகளுக்கு எண் அட்டை கொடுத்துத் தூக்கிக் காட்டச் சொன்னார். முதியவர்களை அழைத்துவரும் வேனுக்குப் பொறுப்பேற்ற முதல் நாள், வேன் தன் பின்சக்கரம் ஒன்றை நடுச்சாலையில் விட்டுவிட்டுத் தான் மட்டும் கொஞ்ச தூரம் போனது. ஆறு முதியவர்களும் ஆராதனை தொடங்குவதற்குள் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருவர் வந்தது அமரர் ஊர்தியில், முன் சீட்டில், உயிரோடு.

ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாள் சொல்வார்: "பாத்தீங்களா, எல்லாத் தடையும் விலகிடுச்சு. அவர் சித்தம்தான்."

ஐந்தே வருடத்தில் பதினொரு பொறுப்பு.

இதில் அடிபட்டது ஒன்றே ஒன்று, பாடகர் குழு. அதற்கு மட்டும் யாரும் அவரை வந்து கேட்டதில்லை. அவராக ஆசைப்பட்டுச் சேர்ந்தது. இரண்டாவது வரிசை, ஆல்ட்டோ என்னும் கீழ்க்குரல். சனிக்கிழமை ஐந்து மணிப் பயிற்சிக்குக் கடைசியாகப் போய் இரண்டு வருடமாகிறது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது ஒரு பாட்டின் கீழ்க்குரலை மட்டும் பாடுவார். மேல்குரல் இல்லாததால் அது என்ன பாட்டு என்று கணவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் அந்த அரைமணி நேரம் மனைவியின் முகம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

குழுவை நடத்தும் பியானோ டீச்சர் ஒரு நாள் வாசலில் நிறுத்தினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த சனிக்கிழமையும் நீங்க வரலன்னா உங்க இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். ரெண்டு வருஷமா நாற்காலியைப் பாடவச்சுட்டு இருக்கேன்."

டீச்சர் அந்தப் பக்கம் போக, போதகர் இந்தப் பக்கம் வந்தார்.

"அம்மா, நம்ம சபைல ஒண்ணு ரெண்டு பேர் தலைமேலயே எல்லா வேலையும் விழுது. அதை எப்படிக் குறைக்கலாம்னு ஒரு குழு போடுறோம். நீங்கதான் செயலாளர். சனிக்கிழமை அஞ்சு மணிக்கு."

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் ஐயா."

"உங்களுக்குத் தடை எதுவும் நிக்காதும்மா" என்றார் போதகர், வாழ்த்துவதுபோல.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஆண்டவர் விஷயத்தில் தலையிடும் பழக்கமில்லாதவர். அன்று சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவர் தடை போடுறாரா இல்லையா?"

"போடுறாரு. ஆனா நிக்க மாட்டேங்குதே."

"எப்படி நிக்கும்? லிஃப்ட்ல ஒன்பதாவது ஆள் ஏறினா மணி அடிக்கும். ஒருத்தர் இறங்கணும்னு அர்த்தம். நீ மணியோட வயரைப் புடுங்கிட்டு, பத்தாவது ஆளையும் உள்ள தள்ளுற."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. அதான் கஷ்டம் உனக்கு."

அன்றைய ஜெபத்தில் ஒரு வரி கூடியது. "தடை போட்டா, நான் கை வைக்காம இருக்க பெலன் தாரும்."

சனிக்கிழமை போனபோது, கூட்ட அறையின் கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது. போதகரும் குழுவினர் நால்வரும் தாழ்வாரத்தில் நின்று அதை முறைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாளைக் கண்டதும் ஐவர் முகத்திலும் வெளிச்சம்.

"வந்துட்டாங்க. அம்மா, கொஞ்சம் பாருங்க."

ஒரு பார்வையிலேயே அம்மாளுக்குப் புரிந்தது. மேல் கீல் தளர்ந்து கதவு தரையில் உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து ஒரு தள்ளு, அவ்வளவுதான். வலது கை கிளம்பியும் விட்டது. அதை இடது கை பிடித்தது. அந்த இரண்டு கைகளும் தாழ்வாரத்தில் கட்டிப் புரண்டு சண்டையிட்டதாகக் குழுவில் ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்துபவர்.

பக்கத்து அறையில் பியானோ தொடங்கியது.

"தடை வந்திருக்கு ஐயா" என்றார் அம்மாள். "அது நிக்கட்டும். எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம்."

"அம்மா, இது வெறும் கதவும்மா."

"இதுவரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்."

பாடகர் அறையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் வாசிப்பதை நிறுத்தாமல் தாடையால் இரண்டாவது வரிசையைக் காட்டினார். முதல் வரியில் சுருதி எங்கேயோ போனது. மூன்றாவது வரியில் பிடிகிடைத்தது. வெளியே யாரோ தோளால் கதவை இடிக்கும் சத்தம், தாளத்துக்கு அரை மாத்திரை முன்னால் விழுந்துகொண்டே இருந்தது. அம்மாள் எழுந்துபோய் அதைச் சரிசெய்யவில்லை.