நாலாவது வரி

சென்றாயன் எங்கே உட்காரப் போனாலும் முதலில் அந்த இடத்தைத் தட்டிப் பார்ப்பார். வலது கை நடுவிரலை மடக்கி, அதன் முட்டியால் இரண்டு தட்டு. கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு. பாறையானாலும் சரி, சுவரானாலும் சரி, என் ஆபீஸ் பெஞ்சானாலும் சரி. தட்டிவிட்டுத் தலையைத் திருப்பி மனைவி பூவாத்தாளைப் பார்ப்பார். அவள் வெற்றிலை மென்றபடி எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். மோவாயை லேசாக அசைப்பாள். அதற்குப் பிறகுதான் அவர் உட்காருவார்.

ஆட்களைக் கவனிப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. பேச வராதவனுக்கு வேறு என்ன வேலை? அந்தத் தட்டலையும் திரும்பலையும் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது. மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கல் உடைத்துக் கொடுத்த ஒரு காண்ட்ராக்டரின் குவாரியில் நான் குமாஸ்தா. அஸ்தம்பட்டியிலிருந்து போனவன். மேஜை இழுப்பறையில் காகிதக் கட்டுக்கு அடியில் புதுமாதிரிப் பாட்டுப் புத்தகம் ஒன்று எப்போதும் ஒளிந்திருக்கும். சுருக்கமான வரிகள் என்றால் எனக்குப் பைத்தியம்.

சென்றாயன் புதுச்சத்திரத்துக்காரர். கிணறு வெட்டுவது தொழில். அந்த வருஷம் ஊரில் அவரைக் கூப்பிட ஆள் இல்லை. கூலி வேலைக்கு வயது அதிகம் என்று இங்கேயும் தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருந்தது குறி மேஸ்திரி வேலை ஒன்றுதான். வெடி வைக்கப் பாறையில் எங்கே துளை போடுவது என்று சுண்ணாம்பால் குறி வைக்கும் ஆள் அவன். அந்த ஆளைக் குவாரியை நடத்திய வெள்ளைக்காரத் துரையே நேரில் பார்த்து எடுப்பார். மொழிபெயர்க்க யாரும் கூட வரக் கூடாது. முன்பு மொழிபெயர்த்தவர்கள் தங்கள் மச்சான்களை எல்லாம் பெரிய கெட்டிக்காரர்களாக ஆக்கிவிட்டதுதான் காரணம். என்ன வேலை தெரியும் என்று ஆள் தன் வாயால் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

"நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க சாமி. இது இல்லீன்னா நாங்க மூட்டையக் கட்ட வேண்டியதுதானுங்க" என்று வந்து நின்றார்.

"என்ன சொல்லோணுமோ அதை முதல்ல தமிழ்ல சொல்லுங்க."

விரல் விட்டுச் சொன்னார். "நான் கெணறு வெட்டறவன். இருவது வருசமா வெட்டறேன். கல்லு எங்கே ஒடையும்னு தெரியும். நானும் எம்பட ஊட்டுக்காரியும் சேந்துதான் பாக்கறோம். அவ்வளவுதானுங்க."

மூன்று சாயங்காலம் சொல்லிக் கொடுத்தேன். "ஐ ஆம் எ வெல் டிக்கர்." நான் சொல்லும்போது அவர் என் வாயையே பார்ப்பார். யாராவது முகத்தைப் பார்த்தாலே கூசுகிறவன் நான், குனிந்துகொள்வேன்.

"தலைய நிமித்துங்க சாமி. அப்பத்தான் வருது" என்பார்.

பூவாத்தாளுக்கு ஒரே சிரிப்பு. "ஏனுங்க தொரை, தொரைசானி எங்கே? கூட்டிக்கிட்டு வரலீங்களா?"

"அங்க நின்னு வெத்தலை மெல்லறாளே, அவதான்" என்றார் அவர்.

நாலாவது வரியை நான் வெட்டிவிட்டேன். "பெண்டாட்டியைச் சேத்துச் சொன்னா துரை சிரிப்பாருங்க" என்று காரணம் சொன்னேன். நிஜம் அது இல்லை. மூன்றாவது வரி, "ஐ நோ வேர் தி ஸ்டோன் பிரேக்ஸ்", என் காதுக்கு அவ்வளவு அழகாக முடிந்தது. அதற்குமேல் எதைச் சேர்த்தாலும் கெட்டுவிடும் என்று பட்டது.

"அப்பப் பொய்யாப் போயிருமேங்க" என்றார்.

"பொய் எங்கே சொல்றோம்? ஒண்ணைச் சொல்லாம விடறோம், அவ்வளவுதான்."

அவர் பூவாத்தாளைப் பார்த்தார். "விடுங்க. படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

துரையின் மேஜையையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மூன்று வரியையும் சொன்னார். துரைக்கு அது பிடித்துப்போயிற்று. வேலை கிடைத்தது. பூவாத்தாளை ஆற்றோரத்தில் மணல் சுமக்கும் பெண்களோடு சேர்த்தார்கள். குவாரியிலிருந்து ஒரு மைல்.

மறுநாள் காலையிலேயே சென்றாயன் என்னிடம் வந்தார். "சாமி, அவளை எங்கூடப் போடச் சொல்லித் தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"வெடிப் பக்கம் பெண் ஆளுங்களை விட மாட்டாங்களே."

"வெடி வெக்கறப்ப வேண்டாமுங்க. குறி வெக்கறப்பப் பக்கத்துல நின்னாப் போதும்."

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

துரையிடம் நானாகப் போய்ப் பேசியது அதுவரை கிடையாது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு ஒருமுறை கதவு வரை போய்த் திரும்பினேன். மறுநாளும் சென்றாயன் வந்தார். "நாளைக்கு." அதற்கு மறுநாளும் வந்தார். மூன்று நாளும் பாறையைக் கழுவணும், மேல் மண்ணை வழிக்கணும் என்று சாக்குச் சொல்லிக் குறி வைக்காமலே தள்ளியிருக்கிறார். அது எனக்குத் தெரிந்தும் இருந்தது. வேலைக்குப் புதுசு, பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் தள்ள முடியவில்லை. பாறையைத் தட்டினார், திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இதை நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிறகு சுண்ணாம்பை எடுத்துக் குறி வைத்தார். துளை அரை முழம்கூட இறங்கவில்லை; மேலே நின்ற பாளம் பிளந்து சரிந்தது. மற்றவர்கள் தப்பி ஓடினார்கள். அவருடைய இடது கால் அடியில் சிக்கிக்கொண்டது.

புதுச்சத்திரத்துக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். வண்டி புறப்பட்டபோது நான் ஆபீஸுக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

தை மாசம்தான் போய்ப் பார்க்கத் தைரியம் வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். பூவாத்தாள் தண்ணீர் கொடுத்தாள். நான் போய்த் துரையிடம் சொல்லவே இல்லை என்பதை அவளிடம் சொன்னேன். அவள் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இருபது வருஷம் தப்பாத குறி அன்றைக்கு எப்படித் தப்பியது என்று கேட்டேன்.

"அவருதான் நாலாவதாச் சொன்னாரேங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஒம்பது வருசத்துக்கு முந்தி ஒரு கெணத்துல பக்கத்துலயே வேட்டு வெடிச்சிருச்சுங்க சாமி. அதுல இருந்து காது மந்தம். நீங்க பேசினா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு. கல்லுக்கு வாய் ஏதுங்க? தட்டறது அவரு, கேக்கறது நானு."