மூன்று இடத்தில் சொன்ன கதை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற ஷர்மிளாவுக்கு வாய் சும்மா இருக்காது. மிஷினை விட்டு எழுந்தால் கையில் செல்போன். உலகமே அவள் பேச்சுக்குக் காத்துக் கிடக்கிறது என்று ஒரு நினைப்பு. அவள் போடும் வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் முந்நூறு பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள்.

பக்கத்து மிஷின் செல்லம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேலைச் சீட்டில் இருக்கும் அளவையும் நிறத்தையும் ஆறு வருடமாக ஷர்மிளாதான் காதோடு படித்துச் சொல்வாள். கம்பெனியில் வேறு ஒருவருக்கும் இது தெரியாது. மகள் அம்பிகாவை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்தபோதுகூட, அம்மா பத்தாவது என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள்.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் கண் கலங்குவார்கள் என்று ஷர்மிளாவுக்குத் தோன்றியது. பெருமையாகத்தான் சொல்ல நினைத்தாள், அதில் பொய்யில்லை. அக்கா யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகக் கதையைத் துண்டு போட்டாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனபோது எடுத்த வீடியோ, செல்லம்மாளின் தைக்கிற கை மட்டும், இன்ஸ்டாகிராமில். படிக்காமலே ஒரு ஜோடிகூடத் தப்பாகத் தைக்காத பெண்ணைப் பற்றி இவள் குரல் யூடியூபில். அரக்கோணத்துச் சம்பந்தத்தில் சொன்ன பொய், எழுத்தில், ஃபேஸ்புக்கில். கெட்டிக்காரிதான். ஆனால் ஆள் சேர்க்கிற ஆசை விடவில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும், மீதிக் கதை மற்ற இரண்டு இடத்தில் இருக்கிறது என்று வழியும் காட்டி வைத்தாள்.

அம்பிகாவின் நாத்தனார் அந்த வழியில் போய் மூன்றையும் பார்த்துவிட்டாள். வீடியோவில் தெரிந்த, செல்லம்மாள் மணிக்கட்டில் பச்சை குத்திய தேளை அவளுக்கு அடையாளம் தெரியாதா?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் செல்லம்மாள் போனை நீட்டினாள். "சம்பந்தியம்மா இன்னாவோ எழுதி அனுப்பிச்சிருக்காங்க. படிச்சு சொல்லு."

ஷர்மிளா படித்தாள். "பத்தாவது படிச்ச சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். இதை நீங்களே படிச்சு, உங்க கையால பதில் எழுதுங்க."

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? உன்னத் தவிர வெளியில யார்கிட்டயும் நான் சொன்னதில்லையே." செல்லம்மாளின் குரலில் துளி சந்தேகம் இல்லை. "சரி, நானே எழுதின மாதிரி நீ எழுதிடு கண்ணு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. "நான்தான்க்கா சொன்னேன்" என்று மூன்றையும் எடுத்துக் காட்டினாள் ஷர்மிளா.

செல்லம்மாள் தன் கையைப் பார்த்தாள். குரலைக் கேட்டாள். மூன்றாவதில் வெறும் எழுத்து.

"இதுல இன்னா எழுதியிருக்கே? படி."

ஷர்மிளா குனிந்து முணுமுணுத்தாள். பக்கத்து மேசைப் பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சத்தமா படி. ஊருக்கே சொன்னதுதானே."

ஷர்மிளா முதல் வரியிலிருந்து படித்தாள்.