வாசலில் நின்ற ஆம்புலன்ஸும் அண்ணன் ரத்தத்தில் பூஞ்சையும்

இந்த வலைப்பூவில் இதுவரை அருவி, கோட்டை, மலைப்பாதை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை ஐசியு. ஹைதராபாத் போய் வந்தேன் என்றதும் பிரியாணி எந்தக் கடையில், சார்மினார் படம் எங்கே என்று கேட்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டும் கிடையாது. ஆனால் வெளிமாநிலத்தில் இருக்கும் சொந்தத்துக்காக ஒரே நாளில் பையைக் கட்டிக்கொண்டு ஓடுகிற நிலை யாருக்கும் வரலாம். அவர்களுக்கு இது உதவும்.

போன மாசி மாதம். என் அண்ணன் செந்தில் ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு பார்க்கிறார். வீடு உப்பலில், சேர்த்த ஆஸ்பத்திரியும் அங்கேதான். குடலில் ஓட்டை விழுந்து, அவசரமாக வயிற்றைத் திறந்து அறுவை செய்தார்கள். அதற்குள் கிருமி ரத்தம் வரைக்கும் போய் செப்சிஸ் ஆகிவிட்டது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தடுமாறிப்போய்த் தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். வென்டிலேட்டர் வைத்தார்கள். கழுத்து ரத்தநாளத்தில் ஒரு குழாய் போட்டு மருந்து, சத்து எல்லாவற்றையும் அதன் வழியாகவே ஏற்றினார்கள். இரண்டு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது, வென்டிலேட்டரையும் எடுத்தார்கள். குலதெய்வத்துக்கு நான் நேர்ந்துகொண்டதற்குப் பலன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி காய்ச்சல்.

அண்ணன் மனைவியை எங்கள் கொங்குப் பக்கம் நங்கை என்போம். நங்கை போனில் சொன்னார்: "பழைய கிருமி போயிருச்சாமா அம்மிணி. இப்ப ரத்தத்துல பூஞ்சை மட்டுந்தானாமா. எங்கண்ணன் வந்திருக்குது. ஆம்புலன்ஸ் வெச்சு கோயமுத்தூருக்கே கூட்டீட்டு வந்தர்றோம்." குரலில் நிம்மதி தெரிந்தது. பூஞ்சை என்றதும் எனக்கும் படர்தாமரையும் களிம்பும்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் களிம்பில் போகிற சங்கதிக்கு ஏன் காய்ச்சல், ஏன் இன்னும் ஐசியு? நான் வருகிற வரைக்கும் கிளம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு தட்கலில் டிக்கெட் எடுத்தேன்.

ஈரோட்டில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் மதியம் செகந்திராபாத். ஸ்லீப்பரில் தட்கல் கட்டணத்தோடு எண்ணூறு ரூபாய்க்குள் முடியும். சாப்பாட்டுக்குத் திருப்பதி வரை கவலை இல்லை, அதற்கப்புறம் கையில் கட்டிக்கொண்டு போவது நல்லது. நல்கொண்டா தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி நிற்கும். வேறு சமயமாக இருந்தால் இரண்டு பத்தி எழுதியிருப்பேன். அன்றைக்கு அவற்றைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் உப்பலுக்கு முந்நூற்றைம்பது கேட்டார். நங்கையிடம் கற்றுக்கொண்ட ஒரே ஆயுதத்தை எடுத்து "நக்கோ பையா", வேண்டாம் அண்ணா, என்றேன். சிரித்துவிட்டு இருநூற்றைம்பதுக்கு வந்தார். ஒன்பது கிலோமீட்டர்தான், ஆனால் மதிய நெரிசலில் முக்கால் மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னதும் அவர் பேச்சு மாறியது. இறங்கும்போது மீதியைக் கொடுத்துவிட்டு, "பரேஷான் நக்கோ ஹோ அம்மா" என்றார். கவலைப்படாதே என்று அர்த்தம். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அதுதான்.

ஆம்புலன்ஸ் ஏற்கெனவே வாசலில் நின்றது. பக்கத்தில் நங்கையின் அண்ணன், கதிர்வேல் மாமா. ஈரோட்டில் மஞ்சள் வியாபாரி. புது மஞ்சள் வரத்து நேரத்தில் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார் என்றால் தங்கை வீட்டுக்காரர் மேல் எவ்வளவு பாசம் என்று புரிந்துகொள்ளலாம். பிடிவாதமும் அதே அளவு.

"பூஞ்சைக்கெல்லாம் இங்க எதுக்குக் கெடக்கோணும் அம்மிணி? நம்மூருன்னா நாலு சனம் வந்து பாக்கும், பாசை புரியும்" என்றார்.

எங்கள் ஆட்கள் எல்லோருமே இப்படித்தான். உடம்பு சரியில்லை என்றால் சொந்தக்காரர்கள் இளநீரோடு வந்து சுற்றி நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல வேண்டும். அது நடக்காவிட்டால் வைத்தியமே நடக்காத மாதிரிதான். அவரைக் குறை சொல்லவில்லை, ரயிலில் எனக்கும் அந்த ஆசை இருந்தது.

பார்வை நேரத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள். கை கழுவி, மேலங்கி மாட்டிக்கொண்டு போனேன். அண்ணனுக்கு உதடு வெடித்துக் கிடந்தது. கண்ணைத் திறந்தார், என்னைத் தெரிந்ததா என்று தெரியவில்லை. ரத்த அழுத்தத்தை ஏந்திப் பிடிக்கிற மருந்தை நிறுத்திவிட்டதாக முந்தின வாரம் போனில் சொன்னார்கள். அது மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் இவரை வண்டியில் ஏற்றவிடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். மாமாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மாமாவையும் நங்கையையும் கூட்டிக்கொண்டு ஐசியு டாக்டரம்மாவிடம் உட்கார்ந்தேன். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதில்லையாம். நம் எல்லோர் குடலிலும் கொஞ்சம் இருக்கும், கூட இருக்கிற நல்ல பாக்டீரியாக்கள் அதைத் தலைதூக்க விடாது. செப்சிஸுக்குக் கொடுத்த வீரியமான மருந்துகள் கெட்டதோடு நல்லதையும் அழித்துவிட்டன. அந்த மருந்து எதுவும் பூஞ்சையைத் தொடாது. கிழிந்த குடல் வழியாக அது ரத்தத்துக்குள் வந்துவிட்டது. கழுத்துக் குழாய் அதற்கு ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்துவிட்டது. பெரிய செப்சிஸிலிருந்து மீள்கிறவர்களுக்கு வரக்கூடிய இரண்டாவது கண்டம் இது, முதலாவதைவிடச் சின்னது என்று நினைக்க வேண்டாம் என்றார். பூஞ்சைக்கான மருந்தை அன்று காலையே ஆரம்பித்துவிட்டார்கள். இனி அந்தக் குழாயை எடுத்துவிட்டு வேறு இடத்தில் புதிது போட வேண்டும். கண்ணுக்கும் இதயத்துக்கும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நங்கை கேட்டார். தடுக்கமாட்டேன், ஆனால் என் சொந்த அண்ணனாக இருந்தால் நகர்த்தமாட்டேன் என்றார் டாக்டர்.

மாமாவிடம் எனக்குத் தெரிந்த விஷயத்தை நான் எடுத்தேன். ஹைதராபாத்திலிருந்து கோவைக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சாலையில் இரண்டு தடவை போய் இந்த வலைப்பூவிலேயே எழுதியிருக்கிறேன். கர்னூல் தாண்டினால் அனந்தபூர் வரைக்கும் பொட்டல்தான், நடுவில் அழுத்தம் விழுந்தால் எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். வண்டியில் எல்லாம் இருக்கிறது என்றார் மாமா. குரலில் பழைய உறுதி இல்லை.

"ஏனுங் மாமா, மஞ்சள்ல பூஞ்சணம் பூத்தா என்ன பண்ணுவீங்?" என்று கேட்டேன்.

"மேல பூத்தா என்ன, வெயில்ல போட்டு எடுத்தாச் சரியாப் போயிரும்."

"விரலி மஞ்சள ஒடச்சுப் பாக்கறீங். உள்ள கறுத்திருக்குது. அப்ப என்னங் பண்ணுவீங்?"

அவர் கைவிரல்கள் ஒரு மஞ்சளை உடைப்பதுபோல அசைந்தன. "அந்தச் சரக்க எடத்த விட்டே கிளப்ப மாட்டம்" என்றார். எழுந்து வெளியே போய் ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு வந்தார். முன்பணம் திரும்பாது என்றார்களாம். அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

நங்கைக்கு இன்னொரு பயம். பதினெட்டு நாளாக அந்தக் கழுத்துக் குழாயைப் பார்த்துப் பார்த்து, அதில்தான் உயிர் ஓடுகிறது என்று நம்பிவிட்டார். "அதைய எடுத்துட்டா உசுரு எதுல நிக்கும் அம்மிணி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். புதுக்குழாய் மறுபக்கம் போட்டு மருந்தை மாற்றிய பிறகுதான் பழையதை உருவுவோம் என்று டாக்டர் சொன்னதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கே உரிய ஹைதராபாத் பாஷையில், "ஹவ் மேடம், நிக்கால் தோ" என்றார். சரி, எடுத்துவிடுங்கள் என்று.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்து எடுத்த ரத்தத்திலும் பூஞ்சை வளர்ந்தது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் காத்திருப்புக் கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். ஊருக்கே போயிருக்கலாமோ என்று எனக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது, மாமா வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. கண் டாக்டர் வந்து பார்த்து, கண்ணில் இல்லை என்றார். இதயத்திலும் இல்லை. அதற்கடுத்த ரத்தம் சுத்தம். அந்தச் சுத்தமான நாளிலிருந்துதான் இரண்டு வாரம் மருந்து என்றபோது எனக்கு ஆயாசமாக வந்தது. ஆனால் நங்கை சிரித்தார். முடிவு தெரிகிற கணக்காவது இருக்கிறதே என்றார்.

இதே மாதிரி கிளம்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஸ்டேஷனிலிருந்து உப்பலுக்கு மெட்ரோ இருக்கிறது. பெட்டி பெரிதாக இல்லையென்றால் ஆட்டோவே வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் சமையலறையோடு அறை பாருங்கள், ஓட்டல் சாப்பாட்டில் நீங்களும் படுத்துவிட்டால் யார் பார்ப்பது? மாரியம்மன் தீர்த்தம், பூ எல்லாம் அறையோடு இருக்கட்டும், உள்ளே கொண்டுபோகாதீர்கள். செப்சிஸ் நோயாளிக்குக் காய்ச்சல் குறைந்து மறுபடி வந்தால், பூஞ்சை இருக்குமா, எந்தக் குழாயை எடுக்க முடியும் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். "இன்னும் பவரான ஆன்டிபயாடிக் போடுங்க" என்று நெருக்காதீர்கள். ஊருக்குக் கொண்டுபோகலாமா என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், வண்டிக்காரரிடம் அல்ல.

சித்திரை கடைசியில் அண்ணன் கீழ் பெர்த்தில் படுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். மாமா ஈரோடு ஸ்டேஷனில் காத்திருந்தார். அண்ணன் எலும்பும் தோலுமாக இருந்தாலும் கிண்டல் மட்டும் இளைக்கவில்லை.

"ஆம்புலன்ஸெல்லாம் வெச்சிருந்தீங்களாமா மச்சான். அன்னிக்கே கூட்டீட்டு வந்திருந்தா ரெண்டு மாசம் முந்தியே ஊரு வந்து சேந்திருக்கலாமல்லொ?"

மாமா குனிந்து பையை எடுத்துக்கொண்டார். பதில் நங்கைதான் சொன்னார்.

"நாங்க மட்டும் வந்து சேந்திருப்பம்."

அண்ணன் மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.