அறுபத்துநான்கு வெந்தயம்

2023 ஜூலை 11, செவ்வாய், காலை ஒன்பது நாற்பது. குடையை விரிப்பதா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் சாரல். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கக் கரமனைப் பாலத்தருகே உள்ள கடைக்குப் போனேன்.

அதற்கு நூற்றொன்பது நாள் முன்பு, டாக்டர் கணினித் திரையைப் பார்த்தபடியே நான்கு நிமிடத்தில் எனக்குக் கொழுப்பு மாத்திரை எழுதினார், ஆயுசு முழுக்க. நூறு பேர் விழுங்கினால் எத்தனை பேருக்குப் பலன் என்று கேட்டேன். "ஸ்டடி எல்லாம் உண்டு" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். மாத்திரை விற்கிறவன் காசில் நடக்கும் ஸ்டடி! தன் சாம்பாருக்குத் தானே பரிசு கொடுத்துக்கொள்ளும் ஹோட்டல்காரன் மேல். என்னோடு காலையில் நடக்க வருகிறவர்கள் இன்னும் மட்டம். மாத்திரை மூளையை அரிக்கும் என்று செல்போனில் வந்ததாம். எழுதியவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

நானே ஆராய்ந்தேன். மாத்திரை கிடையாது. தினம் ஊறவைத்த வெந்தயம், எண்ணி அறுபத்துநான்கு. தொண்ணூறாம் நாள் கெட்ட கொழுப்பு 168இலிருந்து 97. வரைபடம் போட்டு முப்பது பிரதி எடுத்து, கூட நடக்க வருகிறவர்களுக்கு விநியோகித்தேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்த ரிட்டயர்டு ரயில்வேக்காரர் மறுநாளே தன் கொழுப்பு மாத்திரையை நிறுத்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மலையாளிக் கடைக்காரர், "சாமீ, மாமி வாங்குற கொழுப்பு மாத்திரை வந்நிட்டுண்டு, கேட்டோ" என்றார்.

"அவளுக்குக் கொழுப்பு கிடையாது."

"சாமிக்கு உண்டல்லோ!"

அவர் சொன்னது மலையாளம். என் காதில் தமிழாக விழுந்தது.

வீட்டில் மனைவி மறைக்கவே இல்லை. "ராத்திரி மோர்ல பொடிச்சுப் போட்டேன். உப்பு ஜாஸ்தின்னு மட்டும் சொன்னேள்."

"இத்தனை நாளும் ஏமாத்தினியா?"

"நீங்க வெந்தயம் எண்ணினேள். நான் மாத்திரை எண்ணினேன்."

ரயில்வேக்காரர் நிறுத்திப் பத்தொன்பது நாள். ஆட்டோ பிடித்து ஓடினேன். வாசலிலேயே முழுக்கச் சொன்னேன். அவர் என் எதிரிலேயே டாக்டருக்குப் போன் செய்தார். இன்றே மறுபடி தொடங்கி, நாளை நேரில் வரச் சொன்னார்கள். போனை வைத்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உம்ம ஆராய்ச்சிக்குக் காசு யாரோடது ஓய்?"

"என்னுது."

"மாமியோடதுன்னு சொல்லும்."

பதினொரு அட்டை மாத்திரை, இரண்டு ரத்தப் பரிசோதனை, வெந்தயம், பிரதிகள், போக வர ஆட்டோ: ஆராய்ச்சிச் செலவு மொத்தம் 2,813 ரூபாய்.